கறுப்பில் ஓடும் ஓடை

லேயில் சோறு வேகாது. 1986 ஜூன் கடைசியில் நில அளவை வேலைக்காக ஸ்ரீநகரிலிருந்து ஸோஜி லா ஏறி, கார்கிலில் ராத்தங்கி, 434 கிலோமீட்டர் லாரியில் குலுங்கி வந்து இறங்கிய அன்று தலைவலியோடு உலை வைத்தேன். தண்ணீர் தளதளவென்று கொதித்தது. முக்கால் மணி நேரம் அரிசி அதில் துள்ளிக்கொண்டே இருந்தது. எடுத்து நசுக்கிப் பார்த்தால் நடுவில் வெள்ளையாக ஒரு புள்ளி. வாயில் போட்டால் நறுக்கென்றது. அளவைக்கு உதவியாகக் கூட வந்த கலாசி கடுவாலைச் சேர்ந்தவர், மலைக்காரர். ஒன்றும் சொல்லாமல் தன் மூட்டையைப் பிரித்து ஒரு பிரஷர் குக்கரை எடுத்து என் முன்னால் வைத்தார்.

3,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. ஏறக்குறைய முந்நூறு மீட்டர் ஏறினால் ஒரு டிகிரி குறையும். எனக்கு அது சோற்றுக் கவலை. எனக்கு முன்னால் அந்த வழியில் போனவர்களுக்கு அதுதான் அளவுகோல். நில அளவையாளர் நைன் சிங் 1874 ஜூலையில் இதே லேயிலிருந்து லாமா வேடத்தில் லாசாவுக்குக் கிளம்பியபோது மூட்டைகள் செம்மறியாடுகளின் முதுகில் போயின. தங்குமிடங்களில் தண்ணீரைக் கொதிக்க வைத்து வெப்பமானியை நுழைத்து உயரத்தைக் கணக்கிடுவது அவரைப் போல வேடமிட்டு அளந்த பண்டிட்டுகள் கற்ற வித்தை. தூரத்துக்குக் கால்தான். ஒரு மைலுக்கு 2,000 எட்டு என்று பழக்கிய கால். ஜெபமாலையில் 108 மணிக்குப் பதில் 100 மணி, நூறு எட்டுக்கு ஒரு மணி தள்ளுவார்கள். அவருக்கும் முன்னால், 1863-ல், முகம்மது ஹமீது என்ற முன்ஷி லேயிலிருந்து வணிகக் கூட்டத்தோடு யார்க்கண்ட் போனார். நில அளவைத் துறை அதிகாரி மான்ட்கோமரி பயிற்சி கொடுத்து அனுப்பியவர். திரும்பும் வழியில் இறந்துபோனார், குறிப்புகள் மட்டும் வந்து சேர்ந்தன. லே கடைத்தெருவில் நடக்கும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம்தான். இந்தத் தெருவில்தானே குதிரைக்குக் கொள்ளு வாங்கியிருப்பார் என்று நினைப்பேன்.

நான் பிறந்தது நாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில், கடைமடை ஊர். மேட்டூர் அணை திறந்து எல்லாருக்கும் பாய்ந்த பிறகு எங்களுக்கு வரும். எங்கள் ஊரில் மேடு என்றால் களத்துமேடு, அதை விட்டால் கோயில் குளத்தங்கரை. எங்கள் பகுதி டோப்போ ஷீட்டை, அதாவது நில அளவை வரைபடத் தாளை, விரித்தால் சம உயரத்தைக் காட்டும் பழுப்புக் காண்டூர் கோட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். நிலத்தின் சாய்வு கண்ணுக்குத் தெரியாது, தண்ணீருக்குத்தான் தெரியும். வாய்க்காலில் நாலு விரல் மண் மேடேறினால் கீழே நாற்று காய்ந்துவிடும். அப்பா வரப்பில் நின்று, தண்ணீர் எந்தப் பக்கம் நகர்கிறது என்று ஒரு வைக்கோல் துண்டைப் போட்டுப் பார்ப்பார். அதுதான் நான் பார்த்த முதல் நில அளவை.

அப்படிப்பட்டவன் கையில் 52 எஃப்/12 தாளைக் கொடுத்தால் எப்படி இருக்கும்? லே நகரம் விழும் தாள் அது. தாள் முழுக்கப் பழுப்பு. நாற்பது மீட்டருக்கு ஒரு கோடு, ஐந்துக்கு ஒன்று தடிமன். வடக்கே லடாக் மலைத்தொடர், தெற்கே ஸ்டோக் பக்கத்து மலைகள், நடுவில் சிந்து நதி. ஆண்டுக்குச் சுமார் நூறு மில்லிமீட்டர் மழை பெய்யும் பாலைவனம். எங்கள் ஊரில் ஐப்பசியில் ஒரே ராத்திரி அடிக்கும் மழை அது.

ஆனால் ஒன்று. உயரம் என்பதை எங்கிருந்தாவது தொடங்க வேண்டுமல்லவா? இந்தியாவின் மட்ட அளவை வலைப்பின்னலை 1909-ல் முடித்துக் கட்டியபோது ஒன்பது துறைகளில் கடல் ஏற்ற இறக்கத்தைப் பல ஆண்டு அளந்து, அதன் சராசரியைச் சுழியமாக வைத்தார்கள். அந்த ஒன்பதில் சென்னை ஒன்று, நாகப்பட்டினம் ஒன்று. பயிற்சி வகுப்பில் அந்தப் பட்டியலைக் கரும்பலகையில் பார்த்த நாளில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. சின்ன வயதில் நாங்கள் நண்டு பிடித்த கரை. லேயின் 3,500 மீட்டரில் எங்கள் ஊர் அலைக்கும் பங்கு இருக்கிறது.

நாட்டை அளந்த முக்கோணங்கள் புறப்பட்டதும் நம் பக்கத்திலிருந்துதான். 1802 ஏப்ரல் 10 அன்று பரங்கிமலை அருகே வில்லியம் லாம்டன் என்ற அளவை அதிகாரி சங்கிலி போட்டு ஏழரை மைல் அடிக்கோடு அளக்கத் தொடங்கினார். 1808-ல் தஞ்சைப் பெரிய கோயில் உச்சிக்கு ஏற்றும்போது கயிறு அறுந்து கோணம் அளக்கும் அரை டன் தியோடலைட் சுவரில் மோதி நசுங்கியது. அவரே உட்கார்ந்து வாரக்கணக்கில் அதைத் தட்டி நிமிர்த்தினார். அந்த அளவையின் தொடர்ச்சிதான் 1855-க்குப் பிறகு காஷ்மீருக்குள் ஏறி, மலைமலையாகத் தாவி லே வரை வந்தது. ஒரு தலைமுறை தொடங்கிய வேலையை இன்னொரு தலைமுறை கையில் வாங்கிக்கொண்டு நடந்தது. நான் அதில் கடைசிக் கண்ணிகளில் ஒருவன் என்பதை அன்றும் பெருமையாக நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

என் காலத்தில் பிளேன் டேபிளைத் தோளில் சுமந்து மலை மலையாகக் கோடு வரைகிற வேலை குறைந்துவிட்டது. விமானத்திலிருந்து எடுத்த படங்களை இயந்திரத்தில் ஏற்றிக் காண்டூர் வரைந்துவிடுவார்கள். நாங்கள் களத்தில் போய்ச் சரிபார்க்க வேண்டும். ஒரே இடத்தை இரண்டு கோணத்தில் எடுத்த இரண்டு படங்களை ஸ்டீரியோஸ்கோப்பின் கீழே பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டு கண்ணாலும் பார்த்துக்கொண்டே ஒரு படத்தை மெல்ல நகர்த்த வேண்டும். முதலில் இரட்டையாகத் தெரியும். கண் நோகும். ஒரு கணத்தில் இரண்டும் ஒட்டிக்கொண்டு, தட்டையான தாளிலிருந்து மலை எழும்பி மூக்கருகே வந்து நிற்கும். பள்ளத்தாக்கு மேஜைக்குக் கீழே இறங்கிவிடும். முதல் முறை கையை நீட்டி அந்த விளிம்பைத் தொடப் போனேன். அதற்குப் பிறகு எத்தனை ஆயிரம் படம் பார்த்திருப்பேன், அந்த எழும்புதல் ஒரு நாளும் பழகிப்போகவில்லை.

அந்தப் படங்களில் ஒரு குறை உண்டு. லடாக்கின் இடுக்குகள் ஆழமானவை, குறுகலானவை. வெயில் ஒரு சுவரில் அடித்தால் மறு சுவரின் நிழல் அடித்தளம் முழுவதையும் மூடிவிடும். அந்த நிழலுக்குள் என்ன இருக்கிறது என்று விமானத்துக்குத் தெரியாது. ஆறு எந்தச் சுவரை ஒட்டிப் போகிறது, பாதை எந்தக் கரையில், ஊற்று உண்டா, குதிரை போகுமா? இதற்கு ஆள் நடந்துதான் ஆக வேண்டும்.

நடந்தோம். ஸ்பிட்டுக்கில் சிந்துவைத் தாண்டி, ஜிங்சென் இடுக்கு வழியாக ரும்பாக் பக்கம். இரண்டு பக்கமும் செங்குத்தாகப் பாறை, ஊதா, துருச் சிவப்பு, சாம்பல்பச்சை என்று வரிவரியாக, படுக்கையாக இருக்க வேண்டிய அடுக்குகள் எழுந்து நின்றுகொண்டு. வானம் மேலே ஒரு வாய்க்கால் அகலம். நீரோடையை இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் மாறி மாறிக் கடக்க வேண்டும். காலையில் முழங்காலளவு இருக்கும். மேலே பனி உருகி இறங்க இறங்க, பிற்பகலில் அதே இடத்தில் இடுப்பைத் தொடும். அந்தக் குளிர் முதலில் வலிக்கும், பிறகு கால் இருப்பதே தெரியாது. வரைபடத்தில் அது ஒரு மெல்லிய நீலக் கோடு. காலை எட்டு மணிக் கோடும் மாலை நான்கு மணிக் கோடும் ஒரே கோடுதான்.

ஆனாலும் அந்தத் தாளை வாசிக்கத் தெரிந்தவனுக்கு அது நிறையச் சொல்லும். காண்டூர் கோடுகள் ஓடையைக் கடக்கும் இடத்தில் கூம்பாக மடங்கும், கூம்பின் முனை நீர் வரும் திசையைக் காட்டும். செங்குத்துச் சுவரில் கோடுகள் நெருங்கி நெருங்கி ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிவிடும். சான்ஸ்கர் ஆறு நிம்முவில் சிந்துவோடு சேர்வதற்கு முன் வரும் பெரிய இடுக்கில் அப்படித்தான். இருநூறு மீட்டர் உயரம் வரைபடத்தில் ஒரு பேனா முனைக்குள் அடங்கிப்போகும். இடுக்கு முடிந்து ஓடை வெளியே வந்து விரியும் இடத்தில் கோடுகள் நிதானமாக இடைவெளி விட்டு, விசிறி மடிப்புகளைப் போல வெளிப்பக்கம் வளையும். அந்த விசிறியின் மேல்தான் லடாக்கின் ஊர்கள். லே நகரமே அப்படி ஒரு விசிறிதான். மஞ்சள் தீட்டியது விளைநிலம், சிவப்பு வீடுகள், நீலம் தண்ணீர்.

வறண்ட ஓடை கறுப்பு. நம் டோப்போ ஷீட்டில் தண்ணீர் உள்ள ஓடைக்குத்தான் நீலம். வருஷத்தில் பெரும்பாலும் தண்ணீரில்லாமல் கிடக்கிற ஓடையைக் கறுப்பில் போடுவோம். லே தாளில் அப்படிக் கறுப்பு ஓடைகள் நரம்பு மாதிரி எங்கும் இறங்கும்.

அந்த ஊர்களில் தண்ணீரைப் பங்கிட ஒருவர் இருப்பார். சுர்ப்பொன் என்பார்கள். யாருடைய வயலுக்கு எப்போது மடை திறக்க வேண்டும் என்பது அவர் பொறுப்பு. பார்லி வயல் ஓரத்தில் ஒரு சுர்ப்பொன் கல்லைப் புரட்டி, மண்ணை அணைத்து, காலால் மிதித்து வாய்க்காலைத் திருப்பிவிட்டதைப் பார்த்து நின்றேன். அப்பாவின் கால் அது. முறைத் தண்ணீருக்கு ராத்திரி அரிக்கேன் விளக்கோடு போவாரே, அந்தக் கால். பாஷை தெரியாது. சிரித்தேன். அவரும் “ஜுலே” என்றார்.

எங்கள் குதிரைக்காரருக்கு என்னைவிடப் பதினைந்து வயது அதிகம் இருக்கும். ஆச்சோலே என்று கூப்பிடுவேன், அண்ணா என்று அர்த்தம். அவர்தான் எனக்குப் பெயர்களைப் பிரித்துக் காட்டினார். லா என்றால் கணவாய், டோக்போ என்றால் ஓடை, சும்டோ என்றால் மூன்று வழி கூடுமிடம், தாங் என்றால் சமவெளி. அங்கே ஒரு பெயரைச் சொன்னாலே பாதி வரைபடம் வந்துவிடும். ஊர்த் தலைவரான கோபாவை உட்கார வைத்து, ஒவ்வொரு பெயரையும் மூன்று முறை சொல்லச் சொல்லிக் காதைத் தீட்டிக்கொண்டு எழுதுவேன். தமிழில் எழுதிவிட்டுப் பிறகு மாற்றுவேன். ‘ங’வும் ‘ஞ’வும் சொல்லின் முதலில் வரும் பாஷைக்கு நம் எழுத்து நன்றாகவே கைகொடுத்தது.

ஒரு மாலை. காற்று பிற்பகலிலிருந்தே அறைந்துகொண்டிருந்தது. கூடாரம் போட இடம் தேடினோம். ஒரு சின்ன ஊருக்குக் கீழே, ஒரு பெரிய பாறை மறைவில், மணல் பரந்த சமமான ஒரு படுகை. காற்றில்லை, முதுகில் குத்தக் கல்லில்லை. அந்த மலையில் அப்படி ஓர் இடம் கிடைப்பது வரம். இரண்டு கூடாரத்துக்கும் முளை அடித்து, ஸ்டவ்வைப் பற்றவைத்தோம்.

மேலே சரிவிலிருந்து ஒரு பாட்டி இறங்கி வந்தார். முதுகில் கூடை, அதில் புல். அபிலே என்பார்கள், பாட்டியம்மா. கூடையை இறக்கி வைத்தார். நேராகக் கூடாரத்தண்டை வந்து ஒரு முளையைப் பிடித்து ஆட்டிப் பிடுங்கிப் போட்டார். அடுத்த முளைக்குப் போனார். ஆச்சோலே ஓடி வந்து பணிவாக ஏதோ சொன்னார். கிழவி காதில் வாங்கவில்லை. என்னைப் பார்த்து, “நோனோ, நோனோ” என்று கூப்பிட்டுக் கையைப் பிடித்து அந்தப் பாறைக்கு இழுத்துப் போனார். நோனோ என்றால் தம்பி. பாறையில் என் தலைக்கு மேலே மஞ்சளாக ஒரு சேற்றுக் கறை, வரம்பு கட்டியது போல நீளமாகப் போயிற்று. அதைக் கை நீட்டிக் காட்டினார்.

“இது டோக்போவாம். இங்கே படுக்கக் கூடாதாம்.”

“தண்ணீரே இல்லையே, ஆச்சோலே.”

“அவர் பார்த்திருக்கிறாராம். சின்னப் பெண்ணாக இருந்தபோது ஒரே ஒரு தடவை.”

எனக்கு எரிச்சல்தான் வந்தது. பதினாறு கிலோமீட்டர் நடந்த கால், இருட்டுகிற நேரம், ஒரே ஒரு தடவை, அதுவும் அறுபது வருஷத்துக்கு முன்னால். ஆனால் கிழவி நகரவில்லை. கடைசியில் எல்லாவற்றையும் சுருட்டிக்கொண்டு ஊர் வீடுகள் இருந்த பாறை முதுகில் ஏறினோம். கல்லின்மேல்தான் கூடாரம். காற்று ராத்திரி முழுக்கத் துணியைப் பிய்த்தது. நான் தூங்கவில்லை. மழையும் பெய்யவில்லை. வானம் நட்சத்திரத்தால் நிறைந்து கிடந்தது.

காலையில் அவர் வீட்டில் உப்பும் வெண்ணெயும் போட்டுக் கடைந்த தேநீர் கொடுத்தார். அப்போதுதான் கவனித்தேன், அந்த ஊரின் பழைய வீடுகள் எல்லாமே ஒன்றுக்கும் உதவாத பாறை முதுகில்தான் இருந்தன. நல்ல மண் வயலுக்கு, ஓடைப் படுகை ஓடைக்கு. ஓடையின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டேன். அச்சான தாளில் அந்தப் பெயர் வரவில்லை. அந்த மூலையில் காண்டூர் நெருக்கம், எழுத்துக்கு இடமில்லை என்றார்கள். எனக்கு அதில் இன்றுவரை வருத்தம் உண்டு. கோடு மட்டும் நின்றது, கறுப்பில்.

உயரத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேனே, லேக்கு வடக்கே கர்துங் லா கணவாயில் இருந்த பலகை ஞாபகம் வருகிறது. பல ஆண்டு அங்கே 18,380 அடி, உலகிலேயே உயரமான மோட்டார் சாலை என்று எழுதியிருந்தது. கணவாயின் உண்மை உயரம் 5,359 மீட்டர், அதாவது 17,582 அடி. ஏறக்குறைய எண்ணூறு அடி கூட்டல். போகிறவர்கள் எல்லாரும் அந்தப் பலகையோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். என்ன கெட்டுப்போயிற்று என்று கேட்பார்கள். எனக்குக் கெட்டுப்போயிற்று. நாகப்பட்டினத்துக் கடலிலிருந்து படிப்படியாக மட்டம் தூக்கிக்கொண்டு வந்தவர்களின் உழைப்புக்கு முன்னால் ஒரு பெயிண்டு டப்பாவால் எண்ணூறு அடி ஏற்றுவது தவறு. மலைக்கு அது தேவையில்லை.

2010 ஆகஸ்ட் 5 நள்ளிரவு லேயில் மேகம் வெடித்தது. மறுநாள் தொலைக்காட்சியில் பார்த்தேன். கார்கள் சேற்றில் தலைகுப்புற, பேருந்து நிலையம் முழுக்க மண், சோக்லம்சரில் வீடுகள் இருந்த இடத்தில் பாறாங்கற்கள். இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். மண்ணும் மரக்கிளையும் வேய்ந்த தட்டைக் கூரைகள், மழையை அறியாத கூரைகள், கரைந்து இறங்கின. அன்று பிற்பகல் அந்தத் தாளை எடுத்து மேஜையில் விரித்தேன். சபு பள்ளத்தாக்கிலிருந்து இறங்கிச் சோக்லம்சர் மேல் விரியும் அந்த விசிறி. வளைந்த பழுப்புக் கோடுகள், நடுவில் கறுப்பு ஓடை. நாங்கள் போனபோது அங்கே இருந்த வீடுகளைவிடப் பல மடங்கு வீடுகள் பிறகு வந்திருந்தன. எல்லாம் தாளிலேயே இருந்தது. ஆனால் எல்லையோரத் தாள்கள் கடையில் கிடைக்காத காலம் அது. சோக்லம்சரில் மனை வாங்கியவர் ஒருவர்கூட அந்தக் கறுப்புக் கோட்டைப் பார்த்திருக்க முடியாது. கட்டுப்பாடுகள் தளர்ந்தது 2021-ல்தான். தன் காலடி நிலத்தின் படம் அந்த நிலத்தில் குடியிருப்பவருக்குக் கிடைத்திருக்க வேண்டும் என்றே நான் நம்புகிறேன். கிடைத்திருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள் என்று யோசித்துத் தூங்காத ராத்திரிகள் உண்டு.

ஓய்வு பெற்ற பிறகு 2019-ல் மனைவியோடு லே போனேன். டெல்லியிலிருந்து ஒன்றேகால் மணி நேரம், மூச்சு வாங்கத்தான் நேரமில்லை. ஓட்டல் அறையில் மின்சாரக் கெண்டி கொதித்து தன்பாட்டில் அணைந்தது. 88 டிகிரி என்று சொன்னேன், அவள் சிரித்தாள். மூன்றாம் நாள் ஜீப் வைத்துக்கொண்டு அந்த ஊருக்குப் போனோம். இப்போது சாலை உண்டு. அபிலே போய்ச் சேர்ந்து வெகு காலம் ஆகியிருந்தது. வீடு பாறை முதுகில் அப்படியே இருந்தது. பேரன், முப்பது வயதிருக்கும், நல்ல இந்தி பேசினான். நாலு பேர் வந்து தங்குகிறார்கள், வீட்டில் இடமில்லை, கீழே இரண்டு அறை கட்டப் போகிறேன், வாருங்கள் அங்கிள் காட்டுகிறேன் என்று கூட்டிப் போனான்.

அதே பாறை, அதே மணல் படுகை. 2010-ல்கூட அந்த ஓடையில் தண்ணீர் வரவில்லையாம், பக்கத்துப் பள்ளத்தாக்கோடு போய்விட்டதாம். மணலில் சுண்ணாம்புப் பொடியால் அடித்தளத்துக்குக் கோடு போட்டிருந்தது, கச்சிதமாக, செங்கோணம் தப்பாமல்.

நான் அந்தக் கதையைச் சொன்னேன். முளை பிடுங்கியதைச் சொன்னதும் அவன் முகம் மலர்ந்தது. ஆமாம், அபிலே அப்படித்தான் என்றான். பாறையருகே போனோம். மஞ்சள் கறை மங்கியிருந்தது, ஆனால் இருந்தது. கையை உயர்த்திக் காட்டினேன், எட்டவில்லை. அவன் கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு அடித்தளத்துக்கு வைத்திருந்த டேப்பை எடுத்து வந்தான். ஒரு முனையை நான் மணலில் மிதித்துக்கொண்டேன், அவன் ஒரு கல்லின்மேல் ஏறி மறு முனையைக் கறைக்கு நீட்டினான்.

“எவ்வளவு, நோனோ?”

“இரண்டு மீட்டர், இருபது சென்டிமீட்டர்.”

இன்னொரு தடவை பார் என்றேன். பார்த்தான். இருபதுதான்.